ஒரு சோடி என்ன விலை?

மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு இரண்டடி மீன் தொட்டி ஒன்று வாங்கினோம். தொட்டி வந்து, கூழாங்கல் போட்டு, தண்ணீர் நிரப்பிய அன்றே அவளையும் கூட்டிக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மீன் கடைக்குப் போனேன். கடையின் பெரிய தொட்டியில் எல்லா நிறத்திலும் மீன்கள் கலந்து நீந்தின. கடைக்காரத் தம்பி வலையோடு நின்றான். மகள் விரலால் காட்டக் காட்ட நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்: "ஒரு சோடி என்ன விலை?" ஏஞ்சல் ஒரு சோடி, நியோன் டெட்ரா ஒரு சோடி, டைகர் பார்ப் ஒரு சோடி, கோல்ட் பிஷ் ஒரு சோடி. கண்ணாடியைத் துப்புரவாக வைத்திருக்கும் என்று டேங்க் கிளீனர் என்ற மீன் ஒன்று. கடைசியாக, பொலித்தீன் பையில் ரப்பர் பாண்ட் சுற்றும்போது, பேருக்கு ஒரு கேள்வி கேட்டேன்.

"தம்பி, இதெல்லாம் ஒண்டா இருக்குமோ?"

"இருக்கும் அண்ணே. இங்க ஒண்ணாத்தானே இருக்கு?"

ஐந்தாம் நாள் கோல்ட் பிஷ் இரண்டும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒன்பதாம் நாள் இரண்டும் இல்லை. ஏஞ்சல்களின் நூல் போன்ற நீண்ட துடுப்புகளை டைகர் பார்ப் இரண்டும் கடித்துக் கடித்துக் குறுக்கிவிட்டன. நியோன் ஒன்று முதல் வாரமே செத்தது. மற்றது பில்டருக்குப் பின்னால் ஒளிந்து வாழ்ந்து, மூன்றாம் மாதம் ஒரு காலையில் காணாமல் போனது. அன்று ஒரு ஏஞ்சலின் வயிறு சற்றுப் பருத்திருந்ததை மகளுக்கு நான் சொல்லவில்லை.

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. கடைத் தொட்டியில் அவை உண்மையாகவே ஒன்றாகத்தான் இருந்தன. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் காலை எட்டு மணிக்கு எண்பது பேர் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு வருகிறார்கள். பெரிதாகச் சண்டை வருவதில்லை. யாருக்கும் அது வீடு இல்லை, எல்லாரும் இறங்கிவிடுவார்கள். அதே எண்பது பேரை ஒரே வீட்டில் குடிவைத்தால் கதை வேறு. கடைத் தொட்டியும் அப்படித்தான். மீன்கள் குஞ்சுப் பருவத்தில் இருக்கும், நெருக்கத்தில் யாரும் ஒரு மூலையை 'என்னுடையது' என்று பிடிக்க முடியாது, நாளுக்கு நாள் பாதி விற்றுப்போய்ப் புதிய கூட்டம் வரும். வீட்டுத் தொட்டிக்கு வந்து இரண்டு வாரம் இடம் பழகிய பிறகுதான் ஒரு மீனின் குணமே தெரியும்.

சரி, அப்படியானால் எதை வைத்துத் தெரிவு செய்வது? எது எதைக் கடிக்கும் என்பதிலிருந்துதான் எல்லாரும் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது கேட்டால் குழாய்த் தண்ணீரிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

எங்கள் வீட்டில் இரண்டு கேத்தல்கள் உண்டு. ஒன்று யாழ்ப்பாணத்தில் அம்மா பத்து வருடம் பாவித்து, இங்கே வரும்போது விட்டுவர மனமில்லாமல் கொண்டுவந்தது. அதன் அடியில் முட்டை ஓடு மாதிரி வெள்ளைப் படிவு, கரண்டியால் சுரண்டினாலும் போகாது. மற்றது வெள்ளவத்தையில் வாங்கி அதே அளவு பாவித்த கேத்தல். அடி இன்னும் பளபளவென்று இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கரைந்து வரும். பள்ளிக்கூடத்தில் வன்னீர் என்று படித்தோமே, அது. கொழும்பின் தண்ணீரோ களனி கங்கையில் அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்ததும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருவதும். மழைக்காட்டுப் பக்கத்தில் கடினமான பாறை மேல் ஓடிவரும் நீர் என்பதால் அதில் சுண்ணாம்பு மிகக் குறைவு. மென்னீர்.

இது ஏன் முக்கியம்? கப்பி, மொலி, பிளாட்டி, சோர்ட் டெயில் எல்லாம் சற்றுக் கடினமான நீரில் செழிப்பவை. மொலி உவர் நீரிலும் வாழும். ஆபிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்கள் காரத்தன்மையும் கடினத்தன்மையும் கூடிய நீருக்கு உரியவை. நியோன், கார்டினல், ரஸ்போரா, செரி பார்ப் போன்றவை மென்னீர் ஓடைகளின் பிள்ளைகள். மொலியும் கார்டினலும் ஒன்றையொன்று தொடக்கூடமாட்டா, சண்டையே வராது. ஆனால் ஒரே தொட்டியில் இரண்டில் ஒன்று எப்போதும் அரைச் சுகத்தோடுதான் இருக்கும். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் மொலி உடலை ஆட்டி ஆட்டி ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வருத்தம் என்று மருந்து ஊற்றுவோம். பல நேரம் அதற்குத் தேவை கொஞ்சம் சுண்ணாம்பு. பில்டருக்குள் ஒரு கைப்பிடி உடைந்த பவளக்கல் போட்டாலே ஆள் தேறிவிடும். ஆனால் அதே தொட்டியில் மென்னீர் மீன் இருந்தால் அதுவும் செய்ய முடியாது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் சித்தப்பா கிணற்றுத் தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றி மொலி வளர்க்கிறார். ஒரு தொல்லையும் இல்லை, வாளி வாளியாகக் குஞ்சு. அவரிடம் நான் புத்தி கேட்டதுதான் என் தவறு. அவர் சொன்னதெல்லாம் அவருடைய கிணற்றுக்குச் சரி.

கடை மீன் பெரும்பாலும் பண்ணைச் சீமெந்துத் தொட்டியில் பிறந்து வளர்ந்தது என்பதால் ஓரளவு எதற்கும் பழகிக்கொள்ளும். கப்பி கொழும்பில் தாராளமாகப் பெருகத்தான் செய்கிறது. ஆகவே இதை இரும்புச் சட்டம் என்று எடுக்க வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர் தண்ணீரை மீனுக்காக மாற்றப் போராடுவதைவிட, தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேடுவது சுலபம். அவ்வளவுதான்.

அடுத்தது சூடு. இணையத்தில் இருக்கும் குறிப்புகளில் பாதி குளிர் நாட்டுக்காரர் எழுதியவை. ஹீட்டர் வாங்கு என்று தொடங்கும். கொழும்பில், அதுவும் மேற்கு வெயில் அடிக்கும் அடுக்குமாடி வீட்டில், தொட்டித் தண்ணீர் சும்மாவே 28 முதல் 30 பாகை செல்சியஸில் நிற்கும். இந்தச் சூட்டில் கோல்ட் பிஷ் இருப்பது நாம் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு புறக்கோட்டையில் நடப்பது போல. அது குளிர்ந்த நீர் மீன், 20 பாகைக்குக் கிட்டத்தான் சுகமாக இருக்கும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஒட்சிசன் குறையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவு பிடிக்கும் நீர், 30 பாகையில் ஏழரைதான் பிடிக்கும். மீனுக்கோ சூட்டில் மூச்சுத் தேவை கூடும். வரவு குறைந்து செலவு கூடினால் என்ன ஆகும் என்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

நியோனும் இதே கதை. அது 21 முதல் 25 பாகைக்கு உரியது. அதே மாதிரி சிவப்பும் நீலமும் கோடு போட்ட கார்டினல் டெட்ரா 28 பாகையிலும் நன்றாக இருக்கும். விலை கொஞ்சம் கூட. எட்டு நியோன் வாங்கி நான்கு சாவதைவிட ஐந்தாறு கார்டினல் வாங்குவது மலிவு. டிஸ்கஸ் சூட்டை விரும்பும், ஆனால் அது முதல் தொட்டிக்கான மீன் கிடையாது. கவுராமி, ஃபைட்டர் இரண்டும் கொழும்புச் சூட்டுக்குப் பிறந்தவை. அதோடு அவற்றுக்கு ஒரு விசேட உறுப்பு உண்டு, மேலே வந்து காற்றை நேரடியாகக் குடிக்கும். 2022 மார்ச்சில் நாளுக்குப் பத்து மணி நேரம், பதின்மூன்று மணி நேரம் என்று மின்வெட்டு வந்ததே, அந்த இரவுகளில் எங்கள் தொட்டியில் எயார் பம்ப் நின்றபோது கவுராமி ஒரு கவலையும் இல்லாமல் சுற்றியது. மற்றவற்றுக்காக நான் மெழுகுதிரி வெளிச்சத்தில் கோப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன். பற்றரி பம்ப் அதற்குப் பிறகுதான் வாங்கினேன்.

கோல்ட் பிஷ் சூட்டினால் மட்டும் சாகவில்லை. புதுத் தொட்டியின் தண்ணீர் கண்ணுக்குத் துப்புரவாக இருக்கும், ஆனால் அதில் இன்னும் உயிர் ஊறியிருக்காது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனும் அமோனியாவாகும். அதை நைத்திரைற்றாகவும், அதிலிருந்து தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் பில்டர் பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். நான் முதல் நாளே ஒன்பது மீனை இறக்கினேன், அதில் இரண்டு கோல்ட் பிஷ். தின்பதிலும் கழிப்பதிலும் அதை வெல்ல ஆளில்லை. இதில் மென்னீர்க்காரருக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு. அமோனியாவின் நச்சு வடிவம் காரத்தன்மை கூடக் கூடப் பெருகும். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7இலிருந்து 8க்குப் போனால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. காரம் குறைந்த களனித் தண்ணீர் நமக்கு அந்த அளவில் கொஞ்சம் மன்னிப்புத் தருகிறது. குளோரினை மட்டும் மறக்கக்கூடாது. வாளியில் திறந்தபடி ஒரு நாள் வைக்க வேண்டும், அல்லது அன்டி குளோரின் சொட்டு விட வேண்டும்.

இனித்தான் வாயும் உடம்பும். மீன் உலகில் நட்பு என்பது வாயின் அகலத்தைப் பொறுத்தது. ஏஞ்சல் சாதுவான மீன் என்றுதான் பெயர், ஆனால் அதன் வாய்க்குள் நுழையும் எதுவும் அதற்குத் தீன். கடையில் இரண்டு ரூபாய்க் குற்றி அளவில் இருந்த ஏஞ்சல் வளர்ந்தால் உள்ளங்கையை மூடும். நியோன் வளர்ந்தாலும் ஒரு தீக்குச்சி அளவுதான். அவற்றை இன்று ஒன்றாகப் பார்த்துச் சரி என்று சொல்வது, இரண்டு வயதுப் பிள்ளையையும் நாய்க்குட்டியையும் பார்த்து உயரம் சமம் என்று சொல்வது போல. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, 'வளர்ந்தால் எவ்வளவு?' என்பதே. சில்வர் ஷார்க் ஓர் அடியைத் தாண்டும். ஒஸ்கார் ஓர் அடி. விரல் நீளத்தில் விற்கும், சுறா போலத் துடுப்பு வைத்த பங்காசியஸ் ஒரு மீற்றருக்கு மேல் வளரும் உணவு மீன்; வியட்நாமில் அதைப் பண்ணையில் வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். இரண்டடித் தொட்டி என்று நாம் சொல்வது 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம். முட்ட நிரப்பினால் 56 லீற்றர். கல்லும் பில்டரும் போக 45 மிஞ்சினால் பெரிய விஷயம்.

என் டேங்க் கிளீனர் இதில் தனிக் கதை. முதல் இரண்டு மாதம் கண்ணாடியில் பாசியைச் சப்பியது. பிறகு பாசியில் அக்கறை போய்விட்டது, மற்ற மீனுக்குப் போடும் தீனையே தின்றது. இரவில் ஏஞ்சலின் தட்டையான பக்கத்தில் வாயை ஒட்டி அதன் மேல் வழுவழுப்பைச் சப்பியதை ஒருநாள் டோர்ச் அடித்துப் பிடித்தேன். ஒன்றரை வருடத்தில் அது பதினொரு அங்குலம். திரும்பும்போது வால் ஒரு கண்ணாடியில், மூக்கு மறு கண்ணாடியில். தென் அமெரிக்க ஆற்று மீன், ஒன்றரை அடிக்குக் கிட்ட வளரும்.

இந்த இடத்தில் பலர் செய்வதுதான் ஊருக்கே தொல்லையானது. 'பாவம், ஆற்றில் விடுவோம்' என்பார்கள். டேங்க் கிளீனர் இன்று இலங்கையின் நீர்நிலைகளில் பரவிவிட்டது. வலையில் சிக்கினால் மீனவருக்கு விற்கவும் முடியாது, முள்ளுத் துடுப்பு வலையைக் கிழிக்கும். தியவன்னா ஏரியில் கத்தி மீன் நிறைந்திருப்பதும் அப்படித்தான். உடம்பில் கறுப்புப் பொட்டு வரிசை வைத்த அந்த அழகன் தாய்லாந்து, கம்போடியாப் பக்கத்து மீன், மீன் தொட்டி வியாபாரத்தோடு வந்தவன். ஒரு மீற்றர் வரை வளர்ந்து கண்ணில் பட்ட சிறு மீனையெல்லாம் விழுங்குகிறான். ஒரு தொட்டிக்குள் பொருந்தாத மீனைப் பற்றிய பேச்சு கடைசியில் பாராளுமன்றத்தைச் சுற்றி ஓடும் தண்ணீரில் போய் நிற்கிறது.

இனி அந்த சோடிக் கணக்கு. உண்மையில் நான் எழுத வந்ததே இதற்காகத்தான். சோடியாக வாங்குவது நமக்கு ஊறிய பழக்கம். தனியாக ஒன்று வாங்கினால் பாவம், மூன்று வாங்கினால் ஒற்றைப்படை. மீனுக்கோ ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வோர் எண்ணிக்கை. ஃபைட்டர் ஆண் என்றால் ஒன்றுதான், அதன் உறவுக்கார கவுராமியைக்கூட அருகில் வைக்காமல் இருப்பது நல்லது. ரெட் டெயில் ஷார்க் ஒன்று. இரண்டு போட்டால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். கப்பியில் ஆணும் பெண்ணும் சோடியாக விட்டால் ஆண் ஓயாமல் துரத்தி அந்தப் பெண்ணைச் சாகடித்துவிடவும் கூடும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வேண்டும், அல்லது ஆண் மட்டும். டெட்ரா, பார்ப், ரஸ்போரா எல்லாம் கூட்டமாகத் திரிபவை, ஆறு, எட்டு இல்லாவிட்டால் பயத்திலேயே வாடும். என் இரண்டாவது நியோன் பில்டருக்குப் பின்னால் மூன்று மாதம் வாழ்ந்ததை இப்போது நினைத்தாலும் ஒரு மாதிரி இருக்கிறது.

டைகர் பார்ப்பை நாம் ரவுடி என்கிறோம். எட்டுப் பத்தாக விட்டுப் பாருங்கள். தங்களுக்குள்ளேயே துரத்தி, யார் பெரியவன் என்று வரிசை போடுவதில் அவற்றின் நாள் போய்விடும், மற்ற மீனை அவ்வளவாகத் திரும்பிப் பார்க்கமாட்டா. இரண்டாக விட்டால் அந்த வேலை இல்லை; வேலையில்லாத இரண்டு பெடியன்கள் சந்தியில் நின்று செய்வதைத்தான் செய்யும். அதற்காக ஏஞ்சலோடும் ஃபைட்டரோடும் பத்து டைகர் பார்ப்பை விடச் சொல்லவில்லை. நீண்ட துடுப்பு ஆடுவதைக் கண்டால் அவற்றுக்குக் கை சும்மா இருக்காது.

இப்போது எங்கள் தொட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். எட்டு செரி பார்ப், ஐந்து குளி லோச், ஒரு குட்டிக் கவுராமி. செரி பார்ப் நம் நாட்டு மீன். உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. 1929இல் விலங்கியலாளர் தெரணியகல அதை விஞ்ஞான உலகுக்கு அறிவித்தார். சிங்களத்தில் லே தித்தயா. லே என்றால் இரத்தம். களனி முதல் நில்வளா வரையான ஆறுகளின் நிழல் ஓடைகளில் வாழ்வது. ஒரு சிற்றோடையில் அது குடிக்கும் அதே களனித் தண்ணீர்தான், குளோரின் சேர்ந்து, என் குழாயிலும் வருகிறது. இதைவிடப் பொருத்தம் எந்தச் சாத்திரியாலும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் இவற்றை ஓடைகளில் அள்ளியே ஏற்றுமதி செய்தார்கள். இன்று பண்ணையில் வளர்த்தது தாராளமாகக் கிடைக்கிறது, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். கொஞ்சம் பெரிய தொட்டி உள்ளவர்களுக்கு பிளக் ரூபி பார்ப் உண்டு. அதுவும் இங்கே மட்டும் உள்ளது. சிங்களப் பெயர் புலத் ஹபயா, வெற்றிலை சப்புபவன். முகத்தைப் பார்த்தால் பெயர் வைத்தவரைக் கும்பிடத் தோன்றும். ஹல் மரத்துப் பூவின் பெயரால் அழைக்கப்படும் சிறிய ரஸ்போரா ஒன்றும் இருக்கிறது, அது நுணுக்கமானது, பழகியவர்களுக்கு.

மாலை ஆறு மணிக்கு லைட்டை அணைக்கும் முன் பத்து நிமிடம் மகள் தொட்டி முன்னால் உட்காருவாள். அந்த நேரத்தில்தான் செரி பார்ப் ஆண்கள் இரண்டு ஒன்றையொன்று சுற்றத் தொடங்கும். ஒன்றின் தலை மற்றதன் வாலுக்கு நேராக, துடுப்பை விரித்து, வட்டமாக. சுற்றச் சுற்ற நிறம் ஏறும், மிளகாய்ப்பழ நிறம், பிறகு அதைவிடக் கறுத்த சிவப்பு. கடி இல்லை. ஒரு செதில்கூட விழாது. அரை நிமிடத்தில் இரண்டும் பிரிந்து போய், ஒன்றுமே நடக்காத மாதிரிப் புல்லை மேயும். பெண்கள் வெளிறிய பழுப்பில், இதை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் கீழே தீன் பொறுக்கிக்கொண்டிருக்கும். குளி லோச் ஐந்தையும் பகலில் பார்க்க முடியாது. லைட் அணைந்த பிறகு மண்ணிலிருந்து நூடில்ஸ் மாதிரி ஒவ்வொன்றாக வெளியே வரும்.

டேங்க் கிளீனரைப் போன வருடம் அதே கடைக்குத்தான் கொண்டுபோனேன். பொலித்தீன் பையில் அடங்காது என்று மூடி வைத்த பெயின்ட் வாளியில், ஓட்டோவில், மடியில் வைத்துக்கொண்டு. அந்தத் தம்பி இப்போது மீசை வைத்திருந்தான், என்னை அடையாளம் தெரியவில்லை. வாளிக்குள் பார்த்து 'அம்மாடி' என்றான். பின்புறம் ஒரு சீமெந்துத் தொட்டியைக் காட்டினான். அதில் ஏற்கெனவே ஆறேழு கிடந்தன, எல்லாம் முழங்கை நீளம், எல்லாம் திரும்பி வந்தவை. காசு வேண்டாம், சும்மா வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வாளியைக் கழுவினேன். திரும்பும்போது கூப்பிட்டான்.

"அண்ணே, சின்னது வந்திருக்கு. ஒரு சோடி தரவா?"